கணிப்பொறிக்குத் தண்ணீர் எதற்கு?

பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங், அனிமேஷன், கட்டிடக்கலை என்று சேர்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரு புதிய கோரிக்கை எழுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதற்கு நாம் என்றோ பழகிவிட்டோம். இப்போது கேட்பது, மேசையின் ஒரு மூலையில் அடங்குகிற சின்னப் பெட்டி; அதற்குள் கடையில் கிடைப்பதிலேயே வலுவான பிராசசர்; அந்தப் பிராசசரைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரா என்று அப்பா திடுக்கிடுகிறார். "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரேயடியாக மறுத்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். "படிப்புக்குத்தானே கேட்கிறான்" என்று ஒன்றும் கேட்காமல் பணத்தை எடுத்து வைக்கிறவர்கள் மறு பக்கம். இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. பல குடும்பங்களில் இது இரண்டு மூன்று மாதச் சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், நம் இதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரின் மேல் உள்ள பயத்தைப் போக்கிவிடலாம். இப்போது விற்கிற குளிர்விப்பான்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடப்பட்டவை. வீட்டில் நாம் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிராசசரின் தலையில் ஒரு செம்புத் தகடு, அதன் மேல் கைக்கடக்கமான ஒரு பம்பு, அங்கிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், அவை போய்ச் சேருமிடத்தில் ஒரு ரேடியேட்டர், அதில் விசிறிகள். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீருமல்ல. துரு ஏறாமல் இருக்க மருந்து கலந்த திரவம். கசிவதே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் திரவக் குளிர்விப்போடு விற்ற பவர் மேக் ஜி5 கணிப்பொறிகளில் சில, வருடங்கள் கழித்துக் கசிந்து உள்ளிருந்த பாகங்களை அரித்த கதை உண்டு. ஆனால் தொழில் அதற்குப் பிறகு வெகுவாக முன்னேறியிருக்கிறது. பயம் காரணமாக மறுப்பது நியாயமில்லை.

மறுக்க வேண்டியது வேறொன்றை. கடைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பும் ஒரு வாசகம் இருக்கிறது. என் தங்கை மகன் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தான்: "மாமா, வாட்டர் கூலிங் போட்டா உள்ளே ஏசி வெச்ச மாதிரி." இது முற்றிலும் தவறு. தண்ணீர் எதையும் குளிரவைப்பதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகிறது, அவ்வளவுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புளியரை ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறி, ஆரியங்காவு வந்ததும் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, முன்மூடியைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிய காலத்தைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டர் வரை கொண்டு வரும். அங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியது காற்றுதான். காற்றே சூடாக இருந்தால், அல்லது காற்று புகவே வழியில்லை என்றால், தண்ணீர் எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்றால், பிராசசர் உறிஞ்சும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. 1993-இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் எடுத்துக்கொண்டது. ரேடியோ ரிப்பேர்க்காரரின் பற்றவைக்கும் கோல் 25 வாட். 2022-இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே, முழு வேகத்தில் 253 வாட் வரை போகலாம் என்று அதைச் செய்தவர்களே அறிவித்தார்கள். அதே ஆண்டின் ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட். பத்துப் பற்றவைக்கும் கோல்களின் சூடு, தபால் தலையைவிடச் சிறிய சில்லிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சூட்டைத் தூக்கிச் செல்வதில் தண்ணீருக்கு நிகர் இல்லை என்பதும் உண்மை. 250 வாட் வெப்பத்தைப் பத்து டிகிரி வித்தியாசத்தில் எடுத்துப் போக நிமிடத்துக்கு 360 மில்லி தண்ணீர், அதாவது இரண்டு டம்ளருக்கும் குறைவு, போதும். அதையே காற்று செய்ய வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 1,300 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீரின் சிறப்பு இதுதான். ஆனால் அந்த 1,300 லிட்டர் காற்றிலிருந்து தண்ணீர் நம்மை விடுவிப்பதில்லை. ரேடியேட்டர் வாசலில் அந்தக் காற்று வந்து நின்றுதான் ஆக வேண்டும். காற்று வேண்டிய இடத்தைச் சில்லின் தலைமேலிருந்து பெட்டியின் ஓரத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவே.

இங்கேதான் நம் ஊர் குறுக்கிடுகிறது. பிள்ளைகள் பார்த்து மயங்குகிற பரிசோதனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில், 22 டிகிரி அளவில், செய்யப்படுபவை. சித்திரை மாதத் திருவனந்தபுரத்தில், கரமனையிலோ மணக்காட்டிலோ ஒரு மாடி அறையில், இரவு எட்டு மணிக்கு 32 டிகிரி இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மேலே சுற்றும் மின்விசிறி நமக்குக் காற்றுத் தருமே தவிர அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. நான் சொன்ன ரைசன் பிராசசரின் உச்ச வரம்பு 95 டிகிரி. 22 டிகிரி அறையில் அதற்கு 73 டிகிரி இடைவெளி. நம் அறையில் 63 டிகிரிதான். அங்கே 230 வாட்டைச் சமாளித்த அதே குளிர்விப்பான் இங்கே ஏறக்குறைய 200 வாட்டோடு நின்றுவிடும். மீதிக்குப் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சித்திரை, வைகாசியில் கையில் கிடைக்காது.

கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை நம்பிவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கடை ஏசி அறை; அது ஒன்று. திரவம் முழுதும் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே முதல் சில நிமிடங்கள் எல்லாம் அழகாகத் தெரியும். அனிமேஷன் படிக்கிற பெண் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரு காட்சியை உருவாக்கும்போதுதான் உண்மை நிலவரம் வெளிப்படும்.

ஊர்க் காற்றைப் பற்றி இன்னொன்று. மதுரையிலும் கோயில்பட்டியிலும் மண்பானைத் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். இங்கே அதே பானையை வைத்தால் பேருக்குத்தான் குளிரும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த ஏர் கூலரை இங்கே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்ட குடும்பங்கள் எத்தனையோ. கடலோர ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவு என்பதே காரணம். தண்ணீர் என்றால் குளிர்ச்சி என்ற நம்பிக்கை பானையிலிருந்து நமக்கு வந்தது. கணிப்பொறியின் மூடிய குழாயில் ஆவியாவது என்ற பேச்சே இல்லை. ஆகவே அந்தத் திரவம் அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது. அதை இறக்குகிறேன் என்று சில வாலிபர்கள் பனிக்கட்டி வாளியில் குழாயை முக்குவது போன்ற வித்தைகளில் இறங்குகிறார்கள். இது இந்த ஊரில் செய்யவே கூடாத காரியம். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 25 டிகிரிக்குக் கீழே போகிற எந்தப் பொருளின் மேலும் நீர் பூக்கத் தொடங்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் செம்பு வியர்ப்பதைப் போலப் பிராசசரின் அடிப்பாகமும் வியர்க்கும். குழாய் கசியாமலேயே பலகை நனைந்துவிடும்.

அப்படியானால் தண்ணீர்க் குளிர்விப்பே வீணா என்றால், இல்லை. அது தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அதை நம் ஊர்ப்பக்கமே காணலாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25-ஆம் தேதி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்தின் கீழ், 19 கோடி ரூபாயில், சி-டாக் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. அதன் பெயர் 'பரம் பொருள்'. 'பரம்' என்பது சி-டாக்கின் கணிப்பொறி வரிசையின் பெயர். திருச்சிக்காகப் 'பொருள்' சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் தமிழில் என்ன வருகிறது என்று பாருங்கள்! இதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ்; ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகள். இதில் குளிர்விக்கும் திரவம் பிராசசரின் மேல் பதிந்த தகட்டின் வழியாகவே ஓடுகிறது. அறை முழுவதையும் ஏசியால் குளிர வைப்பதைவிட, சூடு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துக் குழாய் வழியே வெளியேற்றுவதால் மின்செலவு மிச்சமாகிறது. நூற்றுக்கணக்கான பிராசசர்களை அலமாரியில் நெருக்கி அடுக்கி, இரவு பகலாக ஓட்டுகிற இடத்தில் தண்ணீர் ஆடம்பரமல்ல. கணக்குப் பார்த்துச் செய்த சிக்கனம்.

நம் தும்பாவிலும் ஒன்று இருந்தது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட சாகா-220. 220 டெராஃப்ளாப்ஸ், சுமார் 150 கிலோவாட் மின்சாரம். இவ்வளவு குறைவாகச் செலவாகிறது என்று அன்று பெருமையாகவே சொன்னார்கள். அந்தக் 'குறைவு' என்பதே 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 150-ஐ அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். சூட்டை எங்கே தள்ளுவது என்பதைத் திட்டமிடாமல் அத்தகைய இயந்திரத்தை யாரும் வாங்குவதில்லை. வீட்டில் மட்டும் நாம் வாங்கிய பிறகு யோசிக்கிறோம்.

இனி அந்தச் சின்னப் பெட்டிக்கு வருவோம். 17 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலம் உள்ள மினி-ஐடிஎக்ஸ் பலகையை வைத்துச் செய்யும் பெட்டிகளில் பல, 10 முதல் 20 லிட்டர் கொள்ளளவு உள்ளவை. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் அளவு. ஒரு குடத்துக்குள் 230 வாட் பிராசசரும், அதைவிட அதிகம் தின்னும் கிராபிக்ஸ் கார்டும், மின்சாரம் வழங்கும் பெட்டியும் அடங்க வேண்டும். காற்றால் குளிர்விக்கும் நல்ல உயரமான குளிர்விப்பான் 16 சென்டிமீட்டர் வரை எழும்பி நிற்கும். அது இதில் நுழையாது. உள்ளங்கை உயரத்தில் தட்டையாக இருப்பது நுழையும். ஆனால் அது இவ்வளவு சூட்டுக்குத் தாங்காது. ஆகவே சின்னப் பெட்டியும் வேண்டும், உச்ச வேகமும் வேண்டும் என்றால் 240 மி.மீ. ரேடியேட்டரோடு தண்ணீர்தான் வழி. இதில் பிள்ளைகள் சொல்வது சரியே.

சின்னப் பெட்டி எதற்கு என்ற கேள்விக்கும் சிலரிடம் நல்ல பதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பவர்களல்லர். படிப்பு கோயம்புத்தூரில், விடுமுறை இங்கே, வேலை பெங்களூரில் என்று அலைகிறவர்கள். ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போகக்கூடிய பெட்டி அவர்களுக்கு உபயோகமானதுதான். பலகையின் மேல் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் காற்றுக் குளிர்விப்பான் தொங்கிக்கொண்டிருந்தால் பயணக் குலுக்கலில் பலகைக்கே ஆபத்து. தண்ணீர்க் குளிர்விப்பானில் பலகையின் மேல் உட்காருவது தகடும் பம்பும் மட்டும், கனம் ரேடியேட்டரோடு சட்டத்தில் போய்விடுகிறது. வருடத்துக்கு நான்கு முறை பெட்டியைத் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் கேட்கிறவர்களில் இப்படித் தூக்கிச் செல்லப் போகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான பெட்டிகள் வாங்கிய நாள் முதல் ஒரே மேசையில்தான் இருக்கப் போகின்றன. அதிலும் நம் வீடுகளில் அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலோ, கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறையிலோ வைத்து, மேலே ஒரு பூத்துணியும் போர்த்திவிடுகிறோம். 1,300 லிட்டர் காற்று எங்கிருந்து வரும்? தான் துப்பிய சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு அது அங்கே தவிக்கும்.

ஆகவே, ஒரே இடத்தில் இருக்கப்போகும் கணிப்பொறி என்றால் பெட்டியைப் பெரிதாக வாங்குங்கள். அழகு குறையலாம், விலையும் குறையும். நல்ல காற்றுக் குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். அதில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான். அதை யாரும் மாற்றிவிடலாம். மூடிய தண்ணீர்க் குளிர்விப்பானில் பம்பு நின்றால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். ரப்பர் குழாயின் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே போவதும் உண்டு.

இரண்டாவது, பிராசசரின் வாட் அளவுக்கு வரம்பு போடுங்கள். இது பலருக்குத் தெரியாத, ஒரு பைசா செலவில்லாத வழி. கணிப்பொறியின் ஆரம்ப அமைப்புகளிலேயே இதற்கு இடம் உண்டு. ரைசனில் 'ஈகோ மோடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாட்டைப் பாதியாக்கினால் வேகம் பாதியாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கடைசிச் சிறிது வேகத்தைப் பிழிந்தெடுக்கத்தான் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். அந்தக் கடைசிப் பங்கை விட்டுக்கொடுத்தால் இழக்கும் வேகம் கொஞ்சம். குறையும் சூடு மிக அதிகம். மின்னழுத்தத்தை ஏற்றுவதில் வேறு கேடும் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்களில் சில நிலைகுலைந்து போவதற்கு, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கோரப்பட்டதே காரணம் என்று 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. எவ்வளவு நல்ல தண்ணீர்க் குளிர்விப்பானும் அந்தப் பாதிப்பைத் தடுத்திருக்க முடியாது.

கரண்ட் பில்லையும் மறக்க வேண்டாம். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 450 வாட் எடுக்கிற கணிப்பொறி முழு மூச்சில் ஓடினால், நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிற அறையின் புழுக்கம் அந்த அறையில் ஏறும். அதைத் தாங்க முடியாமல் அடுத்து வருவது ஏசி. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் கணிப்பொறிக்கு மாதம் சுமார் 67 யூனிட். ஒரு கிலோவாட் ஏசி இடைவிடாமல் ஓடினால் 150 யூனிட். கேரள மின்வாரியக் கணக்கில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் என்பது பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடம் போன்ற பெட்டிக்குள் ஓடுகிற தண்ணீர் கடைசியில் குடும்பத்தை இங்கே கொண்டு வந்து நிறுத்துகிறது.

"எங்கள் ஆசையை நீங்கள் வெறும் கணக்காகப் பார்க்கிறீர்கள்" என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, முதல் முறை விளக்கு எரியும்போது கிடைக்கிற மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதைச் செய்கிற பிள்ளை புத்தகத்தில் கிடைக்காத வெப்பவியலைக் கைவழியே கற்றுக்கொள்கிறது. சேர்க்கட்டும், ஆனால் அளந்து சேர்க்கட்டும். தண்ணீர்தான் என்று முடிவு செய்தவர்கள், காற்றுக்குமிழி மேலே போய்த்தான் தங்கும் என்பதை நினைவில் வைத்து, பம்பை ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். சங்குமுகம், வேளி போன்ற கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் உப்பும் தூசும் படியாமல் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். பிராசசர் என்றால் என்ன என்று கற்பதுதான் நோக்கம் என்றால் செலவு இன்னும் குறைவு. இங்கே வெள்ளையம்பலத்து சி-டாக்கில் வடிவமைத்த வேகா வரிசையில் தேஜஸ்32 என்றொன்று இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் வேகம், கைக்கடக்கமான பலகை, விசிறிகூடத் தேவையில்லை.

நம் சங்கம் இதில் ஒன்று செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காற்றால் குளிர்விக்கும் கணிப்பொறி ஒன்றும், தண்ணீரால் குளிர்விக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைச் சங்கக் கூடத்துக்குக் கொண்டு வரட்டும். இரண்டையும் திறந்து வைத்து, ஒரே வேலையை ஒரு மணி நேரம் கொடுத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் மின்சாரம் அளக்கும் கருவியும் வைத்துப் பார்ப்போம். பிறகு வாட் வரம்பு போட்டு மறுபடியும் பார்ப்போம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக வந்தால் வீட்டில் நடக்கிற வாக்குவாதம் பாதி அங்கேயே தீரும். மே மாத விடுமுறையில் வைத்துக்கொண்டால் நல்லது. கூடத்து ஏசியை மட்டும் அன்று போட வேண்டாம்.